மதராஸ் உத்தியோகஸ்தரும் நூட்காவின் நீர்நாய்களும்

உலகத்தில் நீர்நாய் இனங்கள் பதின்மூன்று என்பது பொதுவான கணக்கு. நம்ம காவிரியிலேயே ஒன்று உண்டு. சங்கப் பாடல்களில் நீர்நாய் வந்தால் பெரும்பாலும் பக்கத்திலேயே வாளை மீனும் வந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் குட்டை நகம் கொண்ட இன்னொரு சின்ன இனம் இருக்கிறது. ஆனால் ஒரு சமுத்திரத்தின் சரித்திரத்தையே புரட்டிப்போட்டது வட பசிபிக்கின் கடல் நீர்நாய்தான். அதைத் தேடி வாசித்துக்கொண்டு போனபோது நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஆள் ஒருவர் வந்து நின்றார்: மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலை பார்த்த ஜேம்ஸ் ஸ்ட்ரேஞ்ச்.

அவரிடம் போகும் முன் தோலைப் பற்றிக் கொஞ்சம். திமிங்கலத்துக்கும் சீலுக்கும் குளிரைத் தாங்கத் தோலுக்கடியில் தடித்த கொழுப்பு இருக்கிறது. கடல் நீர்நாய்க்கு அது கிடையாது, முடிதான் கம்பளி. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு லட்சத்துக்கும் மேல் முடி. நம் தலை முழுக்க இருப்பதை அள்ளிக் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் நட்டால் எப்படியோ, அப்படி. அதை உயிரோடு வைத்திருந்த முடியே அதற்கு எமனாகவும் ஆனது.

1741 நவம்பரில் விட்டஸ் பெரிங்கின் ரஷ்யக் கப்பல் ஆளில்லாத ஒரு தீவில் ஒதுங்கியது. பெரிங் அங்கேயே செத்துப்போனார். கூட இருந்த இயற்கையியலாளர் ஸ்டெல்லர், கடல் நீர்நாயை நுணுக்கமாகப் பார்த்து எழுதினார். மாலுமிகளோ அதன் தோலைப் பணயம் வைத்துச் சீட்டாடினார்கள்; தோலுக்காகவே கொன்று கறியை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். மறு வருஷம் தப்பி வந்தவர்கள் நூற்றுக்கணக்கான தோல்களோடு கம்சட்கா திரும்பினார்கள். சீனப் பணக்காரர்கள் அதற்குக் கொடுத்த விலையைப் பார்த்ததும் வேட்டைக்காரர்கள் அலூஷியன் தீவுகளை நோக்கிப் படையெடுத்தார்கள். ஆனால் நடுக்கடலில் தோல்படகில் போய் நீர்நாயைக் குத்தத் தெரிந்தவர்கள் அலூட் மக்கள்தான். அதனால் அவர்கள் பெண்டு பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்துவைத்து, ஆண்களை வேட்டைக்கு அனுப்பினார்கள். இதை ‘வணிகம்’ என்று எழுதும் புத்தகங்களை என்னால் சகிக்க முடிவதில்லை.

1778-இல் கேப்டன் குக்கின் ஆட்கள் இன்றைய கனடாவின் நூட்கா கடற்கழியில் சில்லறைச் சாமான்களைக் கொடுத்துத் தோல் வாங்கினார்கள். போர்த்திப் படுக்கத்தான் வாங்கினது. அடுத்த வருஷம் கான்டன் பக்கம் போனபோது நல்ல தோல் ஒன்றுக்கு 120 டாலர் வரை கிடைத்தது. கப்பலைத் திருப்பு, மறுபடி அங்கேயே போகலாம் என்று மாலுமிகள் கலகமே செய்யப் பார்த்தார்கள். 1784-இல் பயண நூல் அச்சானதும் விஷயம் ஊருக்கே தெரிந்துபோனது.

அப்படி ஆசைப்பட்டவர்களில் ஒருவர் ஸ்ட்ரேஞ்ச். பம்பாய் வியாபாரி டேவிட் ஸ்காட்டோடு கூட்டு சேர்ந்து இரண்டு கப்பல்களை ஏற்பாடு செய்தார். ஒன்றின் பெயர் ‘கேப்டன் குக்’; இன்னொன்று ‘எக்ஸ்பெரிமென்ட்’. பேரிலேயே எல்லாம் இருக்கு. 1785 கடைசியில் பம்பாயில் கிளம்பி அடுத்த கோடையில் நூட்கா போய்ச் சேர்ந்தார்கள். கிடைத்ததோ 600 சொச்சம் தோல். போட்ட காசு தேறவில்லை.

கிளம்பும்போது ஜான் மெக்கே என்ற மருத்துவ உதவியாளரை அங்கேயே விட்டுவிட்டார் ஸ்ட்ரேஞ்ச். தலைவர் மக்வின்னாவோடு தங்கிப் பாஷையைக் கற்றுக்கொள்ள வேண்டும், அடுத்த முறைக்குத் தோல் சேர்த்து வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. துணைக்கு ஒரு ஜோடி ஆடு! ஆரம்பத்தில் மரியாதையாகத்தான் வைத்திருந்தார்கள். ஒருநாள் தலைவரின் குழந்தை கிடந்த தொட்டிலைத் தெரியாமல் தாண்டிவிட்டாராம். அடித்து வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்கள். பிள்ளையைத் தாண்டினால் வளராது என்று அதட்டும் பாட்டிகளிடம் வளர்ந்த எனக்கு, மக்வின்னா வீட்டுக் கோபம் சுலபமாகவே புரிகிறது. ஸ்ட்ரேஞ்ச் திரும்பி வரவே இல்லை. 1787-இல் வேறொரு கப்பல் மெக்கேயை ஏற்றிக்கொண்டு போனது.

ஸ்ட்ரேஞ்சின் நாட்குறிப்பு மதராஸ் ஆவணக் காப்பகத்தில் கிடந்து, 1928-இல் அரசு அச்சகத்தில் புத்தகமாக வந்தது. வட அமெரிக்கக் கடற்கரையின் சரித்திரம் எழுதுகிறவர்கள் மதராஸ் அச்சுப் புத்தகம் ஒன்றை மேற்கோள் காட்ட நேர்ந்தது இப்படித்தான்.

1911-இல் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், பிரிட்டன் சேர்ந்து சீல் வேட்டை ஒப்பந்தம் போட்டபோது கடல் நீர்நாய்க்கும் அதில் பாதுகாப்பு கிடைத்தது. மிஞ்சியிருந்தவை இரண்டாயிரம்கூடத் தேறாது. கனடாவின் கடைசிக் கடல் நீர்நாயை 1929-இல் நூட்காவுக்கு வடக்கே கியூக்வாட் பக்கம் சுட்டுக் கொன்றார்கள்.

பிறகு நடந்ததை நாவலில் எழுதினால் நம்ப மாட்டோம். அலூஷியன் தீவுகளில் ஒன்றான அம்சிட்காவில் அமெரிக்கா நிலத்தடி அணுகுண்டுச் சோதனை நடத்தியது. சோதனைகளையொட்டி அங்கிருந்த நீர்நாய்கள் சிலவற்றைப் பிடித்து வேறு கடற்கரைகளுக்குக் கொண்டுபோனார்கள். 1969-இலிருந்து 1972-க்குள் அலாஸ்காவிலிருந்து 89 நீர்நாய்கள் வான்கூவர் தீவுக்கு வந்து சேர்ந்தன. அவை பெருகி இப்போது நூட்காவிலும் மிதக்கின்றன.

கடல் முள்ளெலிகளை அவை தின்பதால் கெல்ப் பாசிக் காடுகள் திரும்ப வளர்கின்றன, சூழலியலாளர்களுக்குச் சந்தோஷம். மக்வின்னாவின் வழிவந்த நூ-சா-நுல்த் மக்களுக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. அவர்கள் பொறுக்கித் தின்றுவந்த மட்டியையும் கடல் முள்ளெலியையும் நீர்நாய் முந்திக்கொண்டு தின்றுவிடுகிறது. நீர்நாய் இல்லாத காலத்தில் பெருகிய சிப்பி வகைகளை நம்பித்தான் அங்கே ஒரு தலைமுறை சாப்பிட்டு வளர்ந்தது. கொண்டுவந்து விடும்போது யாரும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது அவர்களுடைய வாதம். தங்கள் தேவைக்குச் சில நீர்நாய்களைப் பிடித்துக்கொள்ளும் உரிமை வேண்டும் என்றும் கேட்கிறார்கள்.