மேடை தந்த விடுதலை

விக்டோரியா மகாராணியின் காலத்து இங்கிலாந்தை ஒழுக்கத்தின் உறைவிடம் என்று ஓதுவோர் உண்டு. அந்த ஒழுக்கம் யாருக்காக வகுக்கப்பட்டது, யார் மீது சுமத்தப்பட்டது என்பதை அறிய வேண்டுமானால், மாளிகைகளை விட்டு நாடகக் கொட்டகைக்குள் நாம் நுழைய வேண்டும். அங்கே ஒரு நங்கை நிற்கிறாள். பெயர், எல்லன் டெர்ரி.

1847இல் காவன்ட்ரி நகரில் பிறந்தவள். பெற்றோர் ஊர் ஊராகச் சென்று நடித்துப் பிழைத்தவர்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால் கூத்தாடிக் குடும்பம். அவளுக்கு மேடையே பள்ளிக்கூடம். 1856இல், ஒன்பதாம் வயதில், சார்லஸ் கீன் குழுவில் ஷேக்ஸ்பியர் நாடகமொன்றிலே இளவரசனாக வேடம் புனைந்தாள். பார்க்க வந்தவர்களில் மகாராணியும் ஒருவர். அரசியே வந்து அமரும் கொட்டகைதான்! ஆனால் அங்கு நடிப்பவளைத் தம் வீட்டு மருமகளாக ஏற்கக் கண்ணியவான்கள் கூசினர்.

1864இல் திருமணம். மணமகன் புகழ்பெற்ற ஓவியர் ஜி. எஃப். வாட்ஸ், வயது நாற்பத்தாறு. மணமகளுக்குப் பதினேழு நிறைய இன்னும் ஒரு வாரம் இருந்தது. மேடையின் தீங்குகளிலிருந்து சிறுமியை மீட்பதாக அவர் எண்ணினாராம்! அவ்வாண்டே அவளை வைத்து ஓர் ஓவியம் தீட்டினார். மணமற்ற பகட்டு மலர் ஒன்றை அவள் முகர்கிறாள். மணமுள்ள எளிய மலர்கள் கையில் இருக்கின்றன. ஓவியத்துக்கு அவர் இட்ட பெயர் ‘தேர்ந்தெடுத்தல்’. தேர்ந்தெடுக்க அவளை விட்டவர் யார் என்று நாம் கேட்கிறோம்.

பத்தே மாதம், இல்லறம் முறிந்தது. ஆண்டுக்கு முந்நூறு பவுன் தருவதாக ஓவியர் ஒப்பினார், அவள் கற்போடு வாழும் வரையில் என்ற நிபந்தனையோடு. அவருக்கு அப்படியொரு நிபந்தனையை எவரும் விதிக்கவில்லை. 1857ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டமும் அதே தராசைத்தான் பிடித்தது. மனைவி பிறழ்ந்தாள் என்று காட்டினால் கணவனுக்கு விடுதலை. கணவன் பிறழ்ந்தான் என்று மனைவி காட்டினாலோ போதாது. கொடுமையோ, கைவிடலோ, வேறொரு குற்றமோ கூடவே மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

1868இல் அவளே தேர்ந்தெடுத்தாள். கட்டடக் கலைஞர் எட்வர்ட் காட்வினைக் காதலித்து, எவரிடமும் சொல்லாமல் அவருடன் சென்றாள். அந்நாளில் ஆற்றில் ஓர் இளம்பெண்ணின் பிணம் மிதந்தது. அது தன் மகளே என்று தந்தை அடையாளம் காட்டினார்! செய்தி கேட்டு ஓடி வந்து, தான் உயிரோடிருப்பதை அவள் காட்ட வேண்டியிருந்தது. ஆனால் கண்ணியவான்களின் உலகுக்கோ அவள் செத்தவள்தான். ஆலிஸ் கதை எழுதிய லூயி கரோல், அவள் நடிப்பில் உள்ளம் பறிகொடுத்தவர். அவரும் தொடர்பை அறுத்துக் கொண்டார்.

ஹார்ப்பெண்டன் என்னும் சிற்றூர்ப் பக்கம் வாழ்ந்தாள். 1869இல் மகள் எடித், 1872இல் மகன் எட்வர்ட் கார்டன் பிறந்தனர். மணமின்றிப் பிறந்தால் யாருக்கும் பிள்ளையன்று. இது இங்கிலாந்தின் பழஞ்சட்டம். பின்னாளில் அவ்விருவரும் பூண்ட ‘கிரெய்க்’ என்ற பெயர், ஸ்காட்லாந்துக் கடலில் தனித்து நிற்கும் ‘அயில்சா கிரெய்க்’ என்ற பாறைத்தீவின் பெயர். சமுதாயம் தராத குலப்பெயரைப் பாறை தந்தது!

காதல் இருந்தது, காசு இல்லை. கடன் முற்றி, ஜப்தி செய்வோர் வீட்டில் வந்து அமர்ந்தனர். அந்நிலையில் ஒரு நாள், ஊர்ப்புறப் பாதையில் அவளது குதிரைவண்டியின் சக்கரம் கழன்றது. வேலியைத் தாண்டிக் குதிரையில் வந்த வேட்டைக்காரர், நாடகாசிரியர் சார்லஸ் ரீட்! மீண்டும் நடிக்க வா என்றார். வாரம் நாற்பது பவுன் என்றால் வரலாம் என்றாள் அவள். சரி என்றார் அவர்.

இந்த நாற்பது பவுனை நாம் எளிதாகக் கடந்துவிட முடியாது. அது 1874. சட்டப்படி அவள் அன்றும் வாட்ஸின் மனைவி. மனைவி உழைத்து ஈட்டிய கூலியும் கணவனின் உடைமையே என்ற வழக்கு, அதற்கு நான்கே ஆண்டு முன்னர், 1870ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தளர்ந்தது. ஓவியரின் முந்நூறு பவுன் கட்டளையோடு வந்தது. காட்வினின் காதல் கடனோடு வந்தது. அடுத்த ஆண்டு அவரும் பிரிந்து போனார். கட்டளையும் கடனும் இன்றி வந்தது அவளது கூலி ஒன்றே. அதைக் கொண்டு இரு குழந்தைகளை வளர்த்தாள். 1875இல் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில், வழக்கறிஞர் உடையணிந்து நீதிமன்றத்தில் வாதாடும் போர்ஷியாவாக அவள் நின்றபோது, இலண்டனே வியந்தது.

1877இல் வாட்ஸ் மணவிலக்குப் பெற்றார். பிள்ளைகளுக்கு ஒரு தகப்பன் பெயர் வேண்டுமென்று அவ்வாண்டே சார்லஸ் கெல்லி என்ற நடிகரை மணந்தாள். உடனே மூடிய கதவுகள் திறந்தன. கரோலும் மீண்டும் நண்பரானார். அவள் மாறவில்லை, தாலுக்கு ஒன்று மாறியது! நான்காண்டில் அந்த மணமும் முறிந்தது.

1878 முதல் லைசியம் அரங்கில் ஹென்றி இர்விங்குடன் இணைந்து நடித்தாள். வாரம் இருநூறு பவுன் வரை ஊதியம் உயர்ந்தது. இர்விங்குக்கு 1895இல் ‘சர்’ பட்டம். அவரும் மனைவியைப் பிரிந்து வாழ்ந்தவர்தாம். அதை எவரும் குறையாக எண்ணவில்லை. அவருக்கு இணையாக நின்றவளுக்கு ‘டேம்’ விருது வர 1925 ஆயிற்று.

மகள் எடித், பெண்களின் வாக்குரிமைப் போரில் இறங்கினாள். 1909இல் அவ்வியக்கத்துக்காக அவள் இயக்கிய ‘மாபெரும் மகளிர் அணிவகுப்பு’ என்ற நாடகத்தில், அறுபத்திரண்டு வயதுத் தாயும் வேடமிட்டு வந்தார். முன்னாளைய நடிகை ஒருத்தியின் வேடம். ஆணுக்கு நிகரான வாக்குரிமையைப் பெண்ணுக்கு அளித்த சட்டம் 1928 ஜூலை 2ஆம் நாள் நிறைவேறியது. அம்மாதம் 21ஆம் நாள், கென்ட் மாவட்டத்துச் சிற்றூரில், தம் இல்லத்தில் எல்லன் டெர்ரி அம்மையார் கண்மூடினார். மறு ஆண்டே அவ்வீட்டை நினைவகமாக்கி, வைக்கோல் களஞ்சியத்தை நாடக அரங்காக்கினாள் எடித் கிரெய்க்.