படுக்கை கேட்காத நோய்க்குக் காப்பீடு இல்லை: புதுமடம் கடற்கரையும் ஏடிஹெச்டி சிகிச்சையும்

ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டுக்கு மருத்துவர் எழுதித்தரும் மாத்திரை, அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதிக்காகக் காத்துக்கிடக்கிறது. நம் ஊரில் சிக்கல் அதற்கும் முந்தைய படியில் தொடங்குகிறது. ராமநாதபுரம் மாவட்டம் புதுமடத்தில் இக்குறைபாடுள்ள பிள்ளையை வைத்திருக்கும் ஒரு தாய்க்கு, அனுமதி கேட்டு விண்ணப்பிக்கவே வழியில்லை. காரணம், நம் காப்பீடு நோயை அளப்பது மருத்துவமனைப் படுக்கையைக் கொண்டு என்பதே என் வாதம்.

சட்டத்தில் குறையில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 21(4), உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு வேண்டும் என்கிறது. நடத்தைக் கோளாறு, நரம்பு வளர்ச்சிக் கோளாறு என்று காரணம் காட்டி விலக்குவதையும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில் தடுத்துவிட்டது. ஆனால் அந்த ‘அதே அடிப்படை’தான் இங்கே தடையாகிறது. வழக்கமான பாலிசிகள் பணம் தருவது 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்தவருக்கு. ஏடிஹெச்டி சிகிச்சையோ பல அமர்வுகளில் நோயைக் கண்டறிதல், பெற்றோர் பயிற்சி, நடத்தைச் சிகிச்சை, அன்றாட மாத்திரை, எடையும் ரத்த அழுத்தமும் பார்த்தல் என்று நீள்வது. இவற்றில் எதற்கும் படுக்கை வேண்டாம். முன் அனுமதியை ஒரு மணி நேரத்தில் முடிவு செய்ய வேண்டும் என்ற ஆணையத்தின் 2024 மே மாத உத்தரவால் இந்தத் தாய்க்கு என்ன பயன்?

ஐந்து லட்சம் ரூபாய் வரை தரும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் மருத்துவமனைச் சிகிச்சைக்கானதே. புறநோயாளிச் செலவையும் தெரபியையும் ஏற்கும் ‘நிராமயா’ என்ற ஒரு லட்ச ரூபாய்த் திட்டம் இருக்கிறது. அதில் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கே இடம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளிலும் ஏடிஹெச்டி இல்லை. ஆக, புறநோயாளிக் காப்பீடு இந்நாட்டில் முடியாத காரியமல்ல. இந்தப் பிள்ளைகளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்தது மருந்து. மீதைல்ஃபெனிடேட் ‘எக்ஸ்’ அட்டவணையில் உள்ளது. அதை விற்கத் தனி உரிமம் வேண்டும். மருந்துச்சீட்டு இரண்டு படிகள் வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டாண்டு காத்துவைக்க வேண்டும். போதைக்குத் திருப்பிவிடக்கூடிய மருந்து என்பதால் இக்கட்டுப்பாடு தேவையே. ஆனால் மாதத்துக்கு ஓரிரு பிள்ளைகளுக்காகச் சிற்றூர்க் கடைக்காரர் அந்த உரிமத்துக்கு ஏன் மெனக்கெட வேண்டும்? பிறகு மருந்துக்காக நகரம் போய்வரும் பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் சிகிச்சையின் விலையோடு சேர்கின்றன. கணவர் வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் அந்த அலைச்சல் முழுவதும் தாய் ஒருத்தியின் தலையில் விழுகிறது. மருத்துவம் எட்டாத தொலைவில் இருந்தால் என்ன நேரும் என்பதை இக்கடற்கரை அறியும். இதே மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீயில் மாண்டார்கள்.

மாதந்தோறும் உறுதியாக வரும் செலவு காப்பீட்டுக்கு உரிய இடர் அல்ல என்று நிறுவனங்கள் சொல்லலாம். அது நியாயமான மறுப்புதான். அதனாலேயே இதற்கான விடையைக் காப்பீட்டில் மட்டும் தேடக்கூடாது என்கிறேன். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கண்டறிய வேண்டிய 30 குறைபாடுகளில் ஏடிஹெச்டியையும் சேர்த்திருக்கிறது. ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. அதற்கு எந்த முன் அனுமதியும் கேட்பதில்லை. மாவட்ட மனநல மருத்துவர் அளவை முடிவு செய்யட்டும். பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, மாத மாத்திரையை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் கொடுக்கட்டும். நிராமயாவில் ஏடிஹெச்டியைச் சேர்த்தால் தெரபிச் செலவுக்கும் வழி பிறக்கும். குறைபாட்டைக் கண்டறியும் பொறுப்பை ஏற்ற அரசு, மருந்து கொடுக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.