காமன் பொட்டலும் தப்புக்காரரும்

பதுளையிலிருந்து பசறை வழியாகக் கீழே இறங்கினால் தேயிலை மெல்ல மறைந்து ரப்பர் மரங்கள் தொடங்கும். அங்கே குளிர் குறைந்துவிடும். மொனராகலைத் தோட்டங்கள் அந்த நிழலுக்குள் இருக்கின்றன. மலையகம் என்றால் நுவரெலியாவையும் ஹற்றனையும் மட்டும் நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தை மறந்துவிடுவார்கள். எழுபதுகளின் இறுதியில், பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவனாக, மாசி மாதத்து முழுநிலவு இரவொன்றில் அங்குள்ள ஒரு தோட்டத்துக்குச் சென்றேன். காமன் கூத்தைப் பார்த்துச் செய்தி எழுதுவது எனக்கிடப்பட்ட பணி.

காமன் கூத்தைப் பற்றி எழுதியவர்கள் அதைச் சடங்காகவோ நாடகமாகவோ பார்த்திருக்கிறார்கள். அது ஓர் இசை இரவும்கூட. அதனை நடத்தியவர்கள் யார், எப்படி நடத்தினார்கள் என்பதே இங்கு என் அக்கறை.

இங்கிலாந்தில் 1950களிலும் 1960களிலும் மதுச்சாலைகளின் மாடி அறைகளில் கூடி நாட்டார் பாடல்களைப் பாடும் கழகங்கள் பல தோன்றின. ஈவன் மக்கோல் இலண்டனில் நடத்திய கழகத்தில், பாடுபவர் தம் மொழியின் பாடலையே பாடவேண்டும் என்றொரு விதி இருந்தது. மறந்துபோன பாடலை மீட்க அவர்களுக்கு விதி தேவைப்பட்டது. தோட்டத்துக்கு அப்படியொரு விதி தேவைப்படவில்லை. பாட்டன் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த பாடல் பேரன் வாயில் இருந்தது.

மாசி அமாவாசைக்கு மூன்றாம் நாள் கம்பம் ஊன்றுவார்கள். கரும்பும் ஆமணக்கும் சேர்த்துக் கட்டிய கம்பம் அது. அன்று முதல் ஒவ்வோர் இரவும் அதனருகில் பாட்டும் ஒத்திகையும் நடக்கும். முழுநிலவன்று விடிய விடியக் கூத்து. ரதியும் மன்மதனும் வருவார்கள், தூதன் வருவான், வீரபத்திரன் வருவான். இறுதியில் சிவனின் நெற்றிக்கண் திறக்க, காமன் எரிவான். மூன்றாம் நாள் அவனை எழுப்புவார்கள். ரதி வேடமிடுபவரும் ஆண்தான். ஆனால் அவர் ஒப்பாரி வைக்கையில் பெண்கள் உண்மையாகவே அழுததைக் கண்டேன். தங்கள் லயத்தில் விழுந்த சாவுகளுக்காக அவர்கள் அழுதிருக்கவேண்டும்.

இத்தனைக்கும் செலவு உண்டு. நான் சென்ற தோட்டத்தில் வீட்டுக்கு வீடு வரி பிரித்திருந்தார்கள். பெற்றோல்மக்ஸ் விளக்கு இரவல். வேடத்துணி அவரவர் வீட்டுச் சேலை. கூத்து மாஸ்டரிடம் பாடல் எழுதிய கொப்பி ஒன்று இருந்தது. பொட்டலோ தோட்டத்துக்குரிய நிலம். துரை தலையசைத்தால்தான் கம்பம் ஊன்றலாம். மாசி, பங்குனி ரப்பர் இலையுதிர்க்கும் காலம், பால் குறைவு. ஆயினும் பால்வெட்டு விடியற் குளிரிலேயே நடக்கவேண்டிய வேலை. கூத்து முடிந்த கையோடு கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனவர்களை நான் பார்த்தேன்.

அந்த இரவைத் தாங்கியது தப்பு. வைக்கோலை எரித்துத் தோலைச் சூடேற்றி, குச்சிகள் இரண்டால் அடிப்பது. ரதி வரும் அடி வேறு, வீரபத்திரன் வரும் அடி வேறு. மாஸ்டர் வரியை மறந்தால் அடுத்த அடி நினைவூட்டும். ஆட்டக்காரர் களைத்தால் அடி வேகம் குறைந்து காத்திருக்கும்.

தோட்டத்தில் தப்புக்கு வேறொரு வேலையும் இருந்தது. விடியுமுன் தப்படித்து ஆட்களை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைப்பது தோட்டங்களின் பழைய வழக்கம். வருடம் முழுவதும் காலையில் துரைக்காக ஒலித்த தோல், மாசியில் சில இரவுகள் மட்டும் லயத்துக்காக ஒலித்தது. சாவு வீட்டிலும் அதுவே. அதை அடிப்பது ஒரு சாதியின் கடமை என்று வைத்திருந்தார்கள். விடிந்ததும் தேநீர் கொடுத்தார்கள். தப்புக்காரருக்குத் தனிச் சிரட்டை. நான் அதைப் பார்த்தேன்.

என் செய்தியில் மாலை போடப்பட்ட பிரமுகர் பெயர் இருந்தது, மாஸ்டர் பெயர் இருந்தது, ரதி வேடமிட்டவர் பெயரும் இருந்தது. தப்படித்தவர் பெயர் இல்லை, நான் கேட்கவில்லை. சிரட்டையைப் பற்றியும் எழுதவில்லை. ஆசிரியர் வெட்டவில்லை, நானே எழுதவில்லை.

ஏட்டில் ஏறியதெல்லாம் சொல்லே. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரத்தைப் பாட்டாக்கி மேடைகளில் பாடினார். அவை அச்சில் வந்ததால் இன்றும் படிக்கிறோம். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாயிற்று; அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். அவர் தொகுத்திராவிட்டால் அப்பாடல்களில் பல பாடியவர்களோடு போயிருக்கும். தாளத்தை அப்படித் தாளில் வைக்க இயலாது. அது கையிலிருந்து கைக்குத்தான் போகவேண்டும்.

அந்தக் கைகள் பிரிந்தன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். நீலகிரியின் தேயிலைக்குச் சிலர், கன்னியாகுமரி, புனலூர், தென்கன்னடத்துச் சுள்ளியா ஆகிய இடங்களின் ரப்பருக்குச் சிலர் என்று குடும்பங்கள் சிதறின. மாஸ்டர் ஒரு கப்பலிலும் தப்புக்காரர் மறு கப்பலிலும் போனால் பொட்டலில் எது மிஞ்சும்?

பல ஆண்டுகளுக்குப் பின் அதே தோட்டத்துக்குச் சென்றேன். தப்படித்தவர் இறந்துவிட்டார். மகன் நகரத்துக் கடையில் வேலை செய்வதாகவும், தப்பைத் தொடுவதில்லை என்றும் சொன்னார்கள். அவரைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை. தந்தையின் கலையோடு தந்தையின் சிரட்டையும் அல்லவா அவருக்கு வந்திருக்கும்! கலை அழிகிறதே என்று மேடையில் வருந்துபவர்கள் அந்தச் சிரட்டையைப் பற்றியும் பேசவேண்டும்.

இன்று பறையைப் பெருமையோடு கையிலெடுக்கும் இளைஞர்களைத் தமிழகத்திலும் மலையகத்திலும் காண்கிறேன். மகிழ்ச்சி. அவர்களிடமும், கடல்கடந்து வாழும் உவா மாகாணத்துப் பிள்ளைகளிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு முதியவர்களிடம், தங்கள் தோட்டத்துக் காமனுக்குத் தப்படித்தவர் பெயர் என்னவென்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். நான் அன்று செய்யத் தவறிய வேலை அது.