போர்க்காலப் பள்ளியும் நம் பிள்ளைகளும்

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென அன்பர்கள் பணித்தபோது, யாம் பேரரசர்களின் போர்களை எண்ணவில்லை. நம் ஊரின் வாயிலிலேயே வந்து நின்ற ஒரு போரையே எண்ணினோம். இரண்டாம் உலகப் போர் கோவில்பதாகையில் குண்டு ஒன்றும் போடவில்லை. எனினும் நம் பிள்ளைகளின் பலகையையும் புத்தகத்தையும் அது எவ்வாறு தொட்டது என்பதை இற்றை நாள் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

சென்னைக்குப் போர் புதிதன்று. 1914 செப்டம்பர் 22 அன்று இரவு எம்டன் என்னும் செருமானியக் கப்பல் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தது. எமகாதகனை 'எம்டன்' என்று நம் பாட்டிமார் வைத அளவில் அப்போர் முடிந்தது. 1939இல் மூண்ட போர் அவ்வாறு கதையோடு நிற்கவில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பின்மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய ஊர்களின்மீதும் சப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்தது சென்னைதான் என்ற அச்சம் பரவிற்று. அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. வசதியுடையோர் மாட்டு வண்டியிலும் இரயிலிலும் ஏறி ஊரைக் காலி செய்தனர். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்தென்று மிருகக்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றதும் அந்த ஏப்ரலில்தான்.

ஓடியவர் யார், ஓடாது நின்றவர் யார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஊரில் சொந்த வீடும் நிலமும் உடையோரே ஓட முடிந்தது. புளியந்தோப்பிலும் பெரம்பூரிலும் ஆலையையும் கூலியையும் நம்பி வாழ்ந்த நம்மவர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தனர். மாணவர் பலர் வெளியேறிவிட, நகரப் பள்ளிகளின் வகுப்பறைகள் வெறிச்சோடின. எஞ்சிய ஆசிரியர்களோ விமானத் தாக்குதல் தற்காப்புப் பணிக்கும் அழைக்கப்பட்டனர். பகலில் இலக்கணம் கற்பித்தவர் இரவில் தெருவில் நின்று 'விளக்கை மறை' என்று கூவினார். உண்மையில் சென்னைமீது குண்டு விழுந்தது 1943 அக்டோபரில்தான். ஒற்றை விமானம் வந்து சிலவற்றைப் போட்டுச் சென்றது, சேதம் சொற்பமே. குண்டு செய்யாத சேதத்தைப் பிறவே செய்தன.

பர்மா வீழ்ந்ததால் இரண்டு பொருள்கள் அருகின. ஒன்று அரிசி, மற்றொன்று மண்ணெண்ணெய். பர்மா அரிசி நின்றதும் விலை ஏறிற்று. 1943இல் சென்னை நகரில் அரிசிப் பங்கீடு வந்தது. நகர மாணவன் பங்கீட்டுக் கடை வரிசையில் நின்றபின் பள்ளிக்குப் போனான். மண்ணெண்ணெய் அருகியதால் சேரியில் இரவுப் படிப்பு அற்றது. மேற்குடியில் மின்விளக்கு இருந்த வீடுகளுண்டு. நமக்கோ சிம்னி விளக்கு அணைந்தால் பாடமும் அணைந்தது. காகிதப் பஞ்சம் வேறு. செய்தித்தாள்கள் பக்கங்களைக் குறைத்தன. நோட்டுப் புத்தகத்தின் ஓரத்திலும் இடம் விடாது எழுதிய காலம் அது. செம்பைச் சேமிப்பதற்காக நடுவில் துளையிட்ட காலணாவை அரசு வெளியிட்டது. அந்த ஓட்டைக் காலணாவைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிப் பள்ளி சென்ற முதியோர் அண்மைக்காலம்வரை நம்மிடையே இருந்தனர்.

ஆசிரியர் நிலையும் இரங்கத்தக்கதே. போர்க்காலத்தில் விலைவாசி இரண்டு மடங்கிற்கும் மேல் உயர்ந்தது. சம்பளம் அவ்வாறு உயரவில்லை. பஞ்சப்படி சிறிது கிடைத்தது, அதுவும் பள்ளிக்குப் பள்ளி வேறுபட்டது. ஆகவே படித்த இளைஞர் பலர் ஆசிரியத் தொழிலை விட்டு இராணுவக் கணக்கர் வேலைக்கும், பங்கீட்டு அலுவலக வேலைக்கும் சென்றனர். போதாக்குறைக்கு, யுத்த நிதி திரட்டும் பொறுப்பும் ஆசிரியர் தலையில் விழுந்தது. மதியக் கஞ்சிக்கே வழியில்லாத பிள்ளையிடம் அரையணா கேட்க நேர்ந்த ஆசிரியரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை, யாமும் அத்தொழிலில் இருப்பதால், ஓரளவு ஊகிக்க முடிகிறது.

இனி, பலரும் மறந்துவிட்ட ஒன்றைக் கூறுவோம். 1942 செப்டம்பர் 1ஆம் நாள் முதல் 1945 அக்டோபர் 15ஆம் நாள் வரை இந்தியா முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தனர். வெளிச்சத்தை மிச்சப்படுத்த வந்த ஏற்பாடு அது. பள்ளி மணி பத்து அடிக்கும்போது சூரியனின் கணக்கில் ஒன்பதுதான். அலுவலகத்தார்க்கு இது ஒரு பொருட்டன்று. ஆனால் விடியலில் ஆண்டையின் தொழுவத்தில் சாணம் வாரி, மாட்டை அவிழ்த்து விட்டு, பின்னர் பள்ளிக்கு ஓடிய பிள்ளைக்கு ஒரு மணி நேரம் பறிபோயிற்று. மாடு கடிகாரத்தைப் பார்த்து எழுவதில்லை. தாமதமாக வந்தவன் வாசலில் நின்றான். நின்றவன் பின்னர் நின்றே போனான்.

ஆவடிக்கு வருவோம். 'ஆவடி' என்பது டாங்கித் தொழிற்சாலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களால் ஆன பெயரென்று நம் பிள்ளைகள் தேர்வுத் தாளில்கூட எழுதுகின்றனர். கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது 1961இல். அதற்கு ஆறாண்டுகள் முன்னரே, 1955 சனவரியில், காங்கிரசு மாநாடு கூடிச் சோசலிசப் பாணிச் சமுதாயம் பற்றித் தீர்மானம் இயற்றியபோது இவ்வூர் ஆவடிதான். இது நிற்க. போர்க்காலத்தில் இப்பகுதியில் பெரும் இராணுவக் கிடங்குகள் எழுந்தன. சோழவரத்தில் விமானத் தளம் அமைந்தது. பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் என்று இன்றும் மின்தொடர் வண்டியின் பலகையில் காணும் பெயர் இராணுவம் இங்குப் பதித்த தடம்.

கிடங்கிற்கு ஆள் வேண்டியிருந்தது. மூட்டை தூக்கவும், மண் வெட்டவும், பெட்டி அடுக்கவும் நம்மவர் சென்றனர். இதனைக் குறை கூறுவார் உளர், யாம் கூறமாட்டோம். தலைமுறை தலைமுறையாக ஆண்டையின் களத்தில் நெல்லுக்கு உழைத்தவன், முதன்முறையாக வாரந்தோறும் கையில் காசு வாங்கினான். பெயரைச் சொல்லி அழைத்துக் கூலி கொடுத்தார்கள் என்பதே எம் பாட்டனார்க்குப் பெருமையாயிருந்தது. ஆயினும் அக்கூலிக்கு ஒரு விலை இருந்தது. அதனைப் பள்ளிப் பிள்ளைகள் கொடுத்தனர்.

எம் பாட்டனாரின் இளவலை யாம் சின்னத் தாத்தா என்றே அழைப்போம். அக்காலத்தில் உயர்நிலைப் பள்ளி என்றால் இரயிலேற வேண்டும், அன்றேல் நெடுந்தூரம் நடக்க வேண்டும். அவ்வாறு சென்று நான்காம் பாரம்வரை படித்தவர் அவர். சேரியிலிருந்து அவ்வளவு தூரம் எட்டியவர் அன்று அவர் ஒருவரே. வகுப்பில் கடைசிப் பலகையில் தனியே அமர்ந்தார். பானைத் தண்ணீரைத் தொட்டதில்லை. 1943இல் ஒரு வாரம் கிடங்கிற்குப் போய்ப் பார்த்தார். அந்த ஒரு வாரக் கூலி வீட்டில் அடுப்பெரித்தது. மறுவாரம் பள்ளிக்குப் போகவில்லை.

அவருடைய கணக்காசிரியர் தேடி வந்தாராம். சேரிக்குள் வரவில்லை; ஏரிக்கரையில் நின்றுகொண்டு ஆளனுப்பி அழைத்தார். "இன்னும் இரண்டு வருஷம்தானேடா, எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டால் கிடங்கிலேயே கிளார்க்காகப் போகலாமே" என்றாராம். சின்னத் தாத்தாவின் தந்தையார் கைகட்டி நின்று, "சாமி, அந்த ரெண்டு வருஷம் இவன் தம்பி தங்கச்சிக்கு யார் சோறு போடுவாங்க?" என்றார். ஆசிரியரிடம் விடையில்லை. அவர் சேரிக்குள் காலடி வைக்காததைச் சின்னத் தாத்தா மறக்கவுமில்லை. அவ்வளவு தொலைவு வந்ததையும் மறக்கவில்லை. இரண்டையும் ஒருங்கே சொல்வார். யாமும் அவ்வாறே எழுதுகின்றோம்.

அதே ஆண்டுகளில் நம் சமுதாயத்தின் தலைவர்கள் என்ன செய்துகொண்டிருந்தனர்? பரங்கிமலையில் பிறந்து, பள்ளியாசிரியராகத் தொண்டாற்றிச் சட்டமன்றம் ஏகிய எம்.சி. இராசா 1943 ஆகஸ்டில் மறைந்தார். கோவையில் படித்த நாளில் தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்று சக மாணவரை விட்டு ஒதுங்கியே இருந்ததை எழுதி வைத்த இரட்டைமலை சீனிவாசன், போர் முடிந்த மறுமாதம், 1945 செப்டம்பர் 18இல் காலமானார். சட்டக் கல்லூரிப் பேராசிரியராயிருந்த என். சிவராசு, 1942இல் நாகபுரியில் தோன்றிய பட்டியல் வகுப்பினர் கூட்டமைப்பின் தலைவரானார். 1945இல் சென்னையின் மேயருமானார்.

எல்லாவற்றிலும் மேலாக, அண்ணல் அம்பேத்கர் 1942 சூலையில் அரசப் பிரதிநிதியின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அமர்ந்தார். அவருடைய தந்தையார் சுபேதார் இராம்சி சக்பால் இராணுவப் பள்ளியொன்றின் தலைமையாசிரியராயிருந்தவர் என்பதை ஆசிரியர் என்ற முறையில் யாம் சற்றுப் பெருமிதத்துடனேயே குறிப்பிடுகின்றோம். போருக்கு ஆளும் உழைப்பும் வேண்டிநின்ற அரசிடம், எம் மக்களுக்கு நீங்கள் தருவது யாதென்று அண்ணல் கேட்டார். மைய அரசுப் பணிகளில் 8⅓ விழுக்காடு இடம் 1943இல் கிடைத்தது. பள்ளியிறுதிக்கு மேற்படும் கல்விக்கு உதவித்தொகை 1944இல் தொடங்கிற்று. அதற்கென ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. அந்த 1944 செப்டம்பரில் அவர் சென்னைக்கும் வந்து பேசினார். இன்று நம் பிள்ளைகள் கணினியில் விண்ணப்பிக்கும் உதவித்தொகையின் வேர் அந்தப் போர்க்காலத்தில் உள்ளது. அதனைச் சலுகை என்று எவரேனும் சொன்னால், இளைஞர்களே, கிடங்கில் மூட்டை சுமந்த கணக்கை அவர்க்கு எடுத்துக் காட்டுங்கள்.

ஆனால் அத்தொகை பள்ளியிறுதியை முடித்தோர்க்கே உரியது. நான்காம் பாரத்தில் நின்றவர்க்கு அது எட்டவில்லை. 1945இல் போர் முடிந்தது. கடிகாரமும் பழைய நேரத்திற்குத் திரும்பிற்று. கிடங்கில் ஆட்குறைப்பு வந்தது. சின்னத் தாத்தாவின் பெயரும் அதில் இருந்தது. பதினேழு வயதில் மீண்டும் நான்காம் பாரத்தில் அமர அவர் நாணினார். ஏரிப் பாசன வயலுக்கே திரும்பினார்.

1962இல் எம் தந்தையார் பள்ளியிறுதி தேறிப் புகுமுக வகுப்பில் சேர்ந்தபோது உதவித்தொகைப் படிவம் வந்தது. ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டிய படிவம். ஊரில் எவரிடம் கொண்டுபோவது என்று எம் பாட்டனார் தயங்கி நிற்க, சின்னத் தாத்தா கழனியிலிருந்து வந்து கைகழுவி, திண்ணையில் அமர்ந்து அதனை நிரப்பிக் கொடுத்தார். நான்காம் பாரத்து ஆங்கிலம் அதற்குப் போதுமாயிருந்தது.