ஒரு விமான நிலையமும் சில அராஜகவாதிகளும்

'அராஜகம்' என்ற சொல்லை நம் செய்திகளில் எதற்குப் பாவிக்கிறோம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். கடையை எரித்தால் அராஜகம், தேர்தல் காலத்து அடிதடி என்றால் அராஜகம். 'அனார்கிஸ்ட்' என்பதையும் இதே சொல்லால்தான் எழுதுகிறோம். அதனால், ஐரோப்பிய சூழல் போராட்டங்களில் 'அராஜகவாதிகள்' பங்கேற்றதாகச் செய்தி வந்தால் முகமூடியும் கல்லும்தான் நினைவுக்கு வருகின்றன. நானும் அப்படித்தான் விளங்கியிருந்தேன். பிரான்ஸின் நோத்ர்-டாம்-தே-லாந்த் என்ற கிராமத்தைப் பற்றித் தேடி வாசித்த பிறகு அந்த விளக்கம் போதாது என்று பட்டது.

அரசு என்ற மேலதிகாரம் இல்லாமலேயே மக்கள் தம் காரியங்களைக் கூடிப்பேசி நடத்தலாம் என்பதே அவர்களது அடிப்படைக் கொள்கை. அவர்களுக்குச் சூழல் அக்கறை நேற்று வந்ததல்ல. உலகப் புவியியலைப் பத்தொன்பது தொகுதிகளில் எழுதிய எலிசே ரெக்லூ 19ஆம் நூற்றாண்டு அராஜகவாதி. அமெரிக்கரான மரே புக்சின் 1964இலேயே சூழலியலையும் இக்கொள்கையையும் இணைத்து எழுதினார்.

நாந்த் நகருக்கு அருகிலுள்ள அந்தக் கிராமத்தில், ஈரநிலமும் வேலிமரங்களும் மேய்ச்சல் தரையுமான சுமார் 1,650 ஹெக்டெயாரில் விமான நிலையம் அமைக்கும் திட்டம் மிகப் பழையது. 1974இல் அந்நிலத்தை 'பிற்போடப்பட்ட அபிவிருத்தி வலயம்' என்று அரசாங்கம் அறிவித்தது. பிரெஞ்சில் அதன் சுருக்கம் 'ஸாட்'. கிடப்பில் கிடந்த திட்டம் 2000இல் மீண்டும் எழுந்தது, 2010இல் வின்ஸி கம்பனிக்குப் போனது. விவசாயிகள் 1970களிலிருந்தே எதிர்த்து வந்தனர்.

2009இல் அங்கே காலநிலை முகாம் ஒன்று நடந்தது. நிலத்தைக் காக்க வேண்டுமானால் அதில் குடியிருக்க வேண்டும் என்று உள்ளூர்வாசிகள் சிலர் அழைத்தார்கள். வந்த இளைஞர்களில் அராஜகவாதிகள் பலர். வெறுமையான வீடுகளில் குடியேறினார்கள், குடிசை கட்டினார்கள், பயிரிட்டார்கள், பாண் சுட்டார்கள். 'ஸாட்' என்ற அரச சுருக்கத்தை 'பாதுகாக்க வேண்டிய வலயம்' என்று மாற்றி வாசித்ததும் இந்த இயக்கம்தான்.

விவசாயிகளுக்கும் இவர்களுக்கும் ஒத்துப்போனதா? எப்போதும் இல்லை. விவசாயிகள் வழக்காடினார்கள், 2012இல் 28 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். நீதிமன்றத்தையே நம்பாதவர்களுக்கு இது வேறு உலகம். ஆனால் அதே ஆண்டு ஒக்டோபரில் 'சீசர் நடவடிக்கை' என்ற பெயரில் ஆயுதப் பொலிஸார் இறங்கிக் குடிசைகளை இடித்தபோது, விவசாயிகள் உழவு இயந்திரங்களோடு வந்து நின்றார்கள். (சீசரிடம் பணியாத குட்டிக் கிராமத்தின் சித்திரக்கதையைப் படித்து வளர்ந்த நாட்டில் அப்படியொரு பெயரை வைத்தவர் யாரோ!) நவம்பர் 17ஆம் திகதி பல்லாயிரம் பேர் பலகையும் ஆணியுமாக வந்து மீண்டும் கட்டினார்கள். வழக்கும் உண்ணாவிரதமும் காலத்தை வாங்கித் தந்தன. அந்தக் காலம் முழுக்க நிலத்தில் ஆட்கள் இருந்தார்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஓடுபாதை போடப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

என்னைச் சங்கடப்படுத்தும் விடயம் ஒன்றுண்டு. 2016 ஜூன் 26இல் அந்த மாவட்டத்தில் வாக்கெடுப்பு நடந்தது. 55 வீதம் பேர் விமான நிலையம் வேண்டும் என்றார்கள். போராட்டக்காரர்கள் நகரவில்லை. பயனடைவோர் மட்டும் வாக்களிக்கும் விதத்தில் எல்லை வரையப்பட்டதாகச் சிலர் வாதிட்டார்கள். அதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனாலும் பெரும்பான்மை வாக்கு நமக்குச் சாதகமாக வரும்போது மட்டும் அதைத் தூக்கிப் பிடிப்பது சரியா? சிறுபான்மையாக வாழும் நமக்கு, பெரும்பான்மை சொன்னதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது என்பதும் தெரியும். இதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை.

2018 ஜனவரி 17ஆம் திகதி பிரதமர் எடுவார் பிலிப் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். பிளவு அதற்குப் பிறகுதான் வந்தது. தங்க விரும்புவோர் தனித்தனியாக விவசாயத் திட்டத்தைப் பதிந்து ஒப்பமிட வேண்டும் என்றது அரசாங்கம். கூட்டாகவே நிலத்தை வைத்திருக்கக் கேட்டவர்களுக்கு ஏப்ரலில் பதிலாக வந்தது சுமார் 2,500 பொலிஸாரும் கவச வாகனங்களும் கண்ணீர்ப்புகையும். ஆடு வளர்த்துவந்த 'நூறு பெயர்கள்' பண்ணையும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. கடைசியில் ஒரு பகுதியினர் படிவத்தை நிரப்பி நிலத்தில் தங்கினார்கள். அரசின் காகிதத்தில் பெயர் எழுத மறுத்த மற்றவர்கள், தங்கியவர்களைத் துரோகிகள் என்று சொல்லிவிட்டு வெளியேறினார்கள்.