எந்த வருசத்து ஒக்டோபர் 30?

டோர்ட்மண்டின் ஹோர்டே பகுதியில் பீனிக்ஸ் ஏரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எம்மவரும் பிள்ளைகளோடு அங்கே உலாவப் போவார்கள். 1841இல் தொடங்கிய உருக்காலை அங்கேதான் இருந்தது. 2001இல் அது மூடப்பட்டது. இயந்திரங்கள் பிரிக்கப்பட்டுச் சீனாவுக்குக் கப்பலேறின. 2010இல்தான் அந்த நிலத்தில் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். எங்கள் உணவகத்துக்கு வரும் ஒரு பழைய ஆலைத் தொழிலாளி, அன்று இரவில் வானம் சிவந்திருந்ததைச் சொன்ன பிறகு, அது எனக்கு வெறும் ஏரியாக இல்லை.

இந்த ரூர் பிரதேசத்தில் காதுகொடுத்துக் கேட்பதையே ஒரு வரலாற்று முறையாக்கியவர்கள் உண்டு. 1980இல் லுட்ஸ் நீட்ஹாமர் என்ற வரலாற்றாசிரியரும் அவருடைய குழுவினரும் சாதாரண மக்களின் வாழ்க்கைக் கதைகளை ஒலிநாடாவில் பதியத் தொடங்கினார்கள். 1930 முதல் 1960 வரையான காலம் பற்றியது அவர்களது ஆய்வு. சொல்பவர் முதலில் தன் கதையைத் தன்போக்கில் சொல்லலாம், கேள்விகள் பிறகுதான். எமது அகதி விசாரணைக்கும் ஜேர்மன் மொழியில் 'கேட்டல்' என்ற பொருளில்தான் பெயர். ஆனால் அங்கே திகதிக்குத் திகதி பொருந்தவேண்டும்.

கிடைத்த கதைகள் கேட்டவர்களுக்கு உவப்பானவையல்ல. ஹிட்லர் ஆட்சியின் போருக்கு முந்திய ஆண்டுகளைப் பலர் வேலை கிடைத்த நல்ல காலமாக நினைவுகூர்ந்தார்கள். கெட்ட காலம் அவர்களுக்குப் போரோடு தொடங்கி 1948 நாணயச் சீர்திருத்தத்தோடு முடிந்தது. அதே நல்ல காலத்தில்தான், டோர்ட்மண்ட் ரயில் நிலையத்துக்கு அருகே இன்று நினைவகமாக இருக்கும் ஸ்டைன்வாஹே சிறையில், கெஸ்டாப்போவினர் மனிதரை வதைத்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர்கள் தங்களுக்குப் பிடிக்காததையும் கேட்டு எழுதினார்கள்.

எங்களுக்கும் இப்படியொரு கணக்கு உண்டு. எமது வீட்டில் ஒக்டோபர் 30 என்றால் 1995தான். யாழ்ப்பாணம் முழுவதும் மழைக்குள் செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த இரவு. நான் அப்போது சிறுபிள்ளை. ஒருநாள் சமையலறையில் கோப்பை கழுவியபடி இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்த புத்தளத்துக்காரர் கேட்டார்: "எந்த வருசத்து ஒக்டோபர் 30, தம்பி?"

அவர் பிறந்தது யாழ்ப்பாணம் சோனகத் தெருவில். 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்த மாதத்தில் வட மாகாணத்திலிருந்து 70,000க்கு மேற்பட்டோர் விரட்டப்பட்டார்கள். நகைகளும் பறிக்கப்பட்டன. இதை நான் வாசித்திருந்தேன். ஒருவர் வாயால் கேட்டதில்லை. "எங்களுக்கும் கஷ்டந்தான்" என்று சொல்ல வாய் உன்னியது. சொல்லவில்லை. அவர் முடிக்கும்வரை குழாயைப் பூட்டிவிட்டு நின்றேன்.

அன்றிரவு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஒரு தையற்காரரின் பெயரைச் சொன்னார். பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்புபவராம். இத்தனை வருசத்தில் அந்தப் பெயரை எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை.

எமது முதியவர்கள் இந்த நாட்டில் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய் இருந்து கேட்கவேண்டும். நாம் எதிர்பாராத பெயர்களை அவர்கள் சொல்லும்போதும் இடைமறிக்காமல் கேட்கவேண்டும்.