அரைக்காசு உத்தியோகமும் அம்மன் காசும்

"அரைக்காசு உத்தியோகம்னாலும் அரசாங்க உத்தியோகமா இருக்கணும்." டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அரைக்காசு என்றால் ஏதோ சொற்பச் சம்பளம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். தமிழ்நாடு முழுக்க வழங்கும் பழமொழிதான். ஆனாலும் புதுக்கோட்டைக்காரர்கள் அதை அப்படிச் சும்மா சொல்லிவிட்டுப் போகக் கூடாது. எங்கள் முன்னோர் கையில் அந்தக் காசு புழங்கியிருக்கிறது.

அதற்குப் பெயர் அம்மன் காசு. அப்பத்தாவின் சுருக்குப்பையில் கிடந்த ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. செம்புக் காசு, கட்டைவிரல் நகத்தளவுதான். ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் அம்மன், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. வட்டம் பிசகாமல், எழுத்து துல்லியமாக இருப்பதால் இது இயந்திரத்தில் அடித்த காசு. 1889 முதல் பர்மிங்காமில் அடித்துத் தருவித்தார்கள். அதற்கு முந்தியவை கையால் அடித்தவை. தடித்திருக்கும், ஓரம் கோணியிருக்கும், சிலவற்றில் அம்மன் பாதிதான் விழுந்திருப்பாள். எனக்கு அவைதான் அதிகம் பிடிக்கும்.

காசில் இருப்பவள் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள், புதுக்கோட்டை சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான்களின் குலதெய்வம். மன்னர்கள் தங்களைப் 'பிரகதாம்பாள் தாஸ்' என்றே சொல்லிக்கொண்டார்கள். சதாசிவ பிரம்மேந்திரர் 1738-இல் திருவரங்குளம் காட்டில் விஜயரகுநாதராயத் தொண்டைமானுக்கு மணலில் எழுதி உபதேசித்தார் என்றும், சமஸ்தானத்தின் தசரா வழக்கங்கள் அதிலிருந்து வந்தவை என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். நவராத்திரி நாட்களில் அரிசியோடு இந்தக் காசையும் வைத்துத் தானம் கொடுத்தார்கள்.

20 அம்மன் காசு ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். ஆக, ரூபாய்க்கு 320. பிரிட்டிஷ் இந்தியாவில் தம்பிடியே ரூபாய்க்கு 192தான். 'தம்பிடி பெறாது' என்று மற்ற ஊர்க்காரர்கள் பேச்சை முடிக்கிற இடத்துக்கும் கீழே எங்களுக்கு ஒரு படி இருந்தது. அந்தப் படி ஏழைக்குத் தேவைப்பட்டது. சில்லறை சிறியதாக இருந்தால்தான் சிறிய அளவில் சாமான் வாங்க முடியும். இரண்டு மிளகாயும் ஒரு கொத்து கறிவேப்பிலையும் காசு கொடுத்து வாங்கிய கதையை அப்பத்தா சொல்லும். அணாவுக்குக் குறைந்து விற்க மாட்டேன் என்று கடைக்காரர் நின்றிருந்தால் கூலிக்காரர் வீட்டில் அன்றைக்குக் குழம்பு ஏது?

ஆங்கிலேயர் 'ஒரு ஃபார்திங் பெறாது' என்பார்கள். பென்னியில் கால் பங்கான அந்தக் காசு 1960 முடிவோடு செல்லாமல் போனது, பேச்சு போகவில்லை. நாம் சொல்லும் 'துட்டு' டச்சுக்காரர்களின் செப்புக் காசு. நாகப்பட்டினத்தை அவர்கள் 1781-லேயே இழந்துவிட்டார்கள். நாம் இன்னும் "துட்டு இருக்கா?" என்று கேட்கிறோம்.

அரைக்காசு உத்தியோகம் என்பதில் இளக்காரம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. இது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கண்மாய் வறண்டுவிடும், களத்துக்கு நெல் வராது. அரண்மனைக் கச்சேரியில் வேலை பார்ப்பவருக்கோ மாசம் பிறந்தால் சம்பளம். அந்தத் தொகை சிறியதானாலும் அடுப்பு எரியும். பட்டினியை அறிந்தவர்கள் சொன்ன சொல் இது.

1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. 1957-இல் புதுப் பைசா வந்து அணாவும் தம்பிடியும் ஒழிந்தன. அம்மனுக்குக் காசால் வந்த பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. பிரகதாம்பாளை மக்கள் அரைக்காசு அம்மன் என்கிறார்கள். நகை தொலைந்தாலும் சாவி தொலைந்தாலும் அவளுக்கு வெல்லம் நேர்ந்துகொள்கிறார்கள். வண்டலூர் பக்கத்து இரத்தினமங்கலத்திலும் அவளுக்குக் கோயில் உண்டு. அங்கே கும்பிட வருகிறவர்கள் ஒருதரம் திருக்கோகர்ணத்துக்கும் வர வேண்டும். அம்மன் சந்நிதியில் கும்பிட்டுவிட்டு, அதே ஊரிலுள்ள அரசு அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம்.